பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் ஆறு தெளியுமா?

பத்துமலைப் பக்கத்துத் தாமான் (குடியிருப்புப் பகுதி) ஒன்றிலிருந்து ஒரு பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர் கேட்டிருக்கிறார். மூன்று ஆண்டுகளாகத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஆற்றோரம் கோத்தோங் ரோயோங், அதாவது ஊர் கூடிச் செய்யும் துப்புரவு, செய்கிறார்களாம். பதாகை வைத்திருக்கிறார்கள், ஓவியப் போட்டியும் நடத்தியிருக்கிறார்கள். ஆறு மட்டும் அப்படியே கறுப்பாக ஓடுகிறதாம். நீர்ப்பிடிப்புப் பகுதியை (மழைநீர் வடிந்து ஓர் ஆற்றில் சேரும் நிலப்பரப்பு) காக்க மக்களுக்குக் கல்வி கொடுப்பதில் உண்மையிலேயே பலன் உண்டா, உண்டென்றால் யாரோடு கைகோத்துச் செய்வது என்பது அவருடைய கேள்வி. இரண்டு கேள்விபோல் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: இத்தனை பேர் உழைத்தும் தண்ணீரில் ஏன் எதுவும் தெரியவில்லை? நான் நீர்த்தர வேதியியல் படித்தவன். கிள்ளான் பள்ளத்தாக்கில் பள்ளிகளோடும் குடியிருப்பாளர் சங்கங்களோடும் பல ஆண்டுகளாக ஆற்று வேலை செய்து வருகிறேன். சட்டம் என் துறை இல்லை. அதைப் பற்றிச் சொல்லும் இடங்களில் நடைமுறையில் பார்த்ததை மட்டுமே சொல்கிறேன். உங்கள் ஆற்றங்கரையை நான் நேரில் பார்க்கவில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பலன் உண்டு. ஆனால் அது யாருக்குக் கல்வி கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆற்றில் விழும் கழிவு ஒவ்வொன்றும் ஏதோ ஒரு குழாய் வழியாகத்தான் வருகிறது. அந்தக் குழாய்க்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார். அவர் வரை போய்ச் சேரும் கல்வி தண்ணீரில் தெரியும். பத்து வயதுப் பிள்ளைக்கு ஆற்றின் மேல் பாசம் வரவைப்பது நல்ல காரியம், அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் அந்தப் பிள்ளையின் கையில் மூடுவதற்குக் குழாய் எதுவும் இல்லை.

முதலில் உறுதியாகத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் ஓர் ஆறு சுத்தமா அழுக்கா என்பதை நீர்த்தரக் குறியீடு என்ற ஓர் எண்ணை வைத்துச் சொல்கிறார்கள். ஆறு அளவுகளைச் சேர்த்து அது கணக்கிடப்படுகிறது: தண்ணீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜன், உயிரிய ஆக்ஸிஜன் தேவை (கழிவை மட்கவைக்க நுண்ணுயிர்கள் குடிக்கும் ஆக்ஸிஜன்), வேதிய ஆக்ஸிஜன் தேவை (கழிவை வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்ஸிஜன்), அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் மண்துகள், அமிலக் காரத் தன்மை. இந்தப் பட்டியலை நன்றாகப் பாருங்கள். பிளாஸ்டிக் பை இதில் இல்லை, போலிஸ்டிரின் பெட்டி இல்லை, பழைய மெத்தையும் இல்லை. நீங்கள் ஒரு காலையில் இருபது மூட்டை குப்பை அள்ளினாலும் குறியீடு அசையாது, ஏனென்றால் அது அளப்பதே வேறு. குப்பை அள்ளுவது வீண் என்று சொல்லவில்லை. லோங்காங் என்று நாம் சொல்லும் வடிகால் அடைக்காமல் இருக்கவும், கொசு பெருகாமல் இருக்கவும், கடலுக்குப் பிளாஸ்டிக் போகாமல் இருக்கவும் அது தேவை. கிள்ளான் ஆற்றில் 2019 முதல் நிற்கிற, மிதக்கும் குப்பையை வாரும் இயந்திரப் படகும் அந்த வேலையைத்தான் செய்கிறது. ஆனால் கறுப்பு நிறத்துக்கும் நாற்றத்துக்கும் காரணம் தண்ணீரில் கரைந்து வருவது. அதை எந்தக் கூடையாலும் அள்ள முடியாது.

இன்னொன்றும் அந்தப் பட்டியலில் இல்லை, மலக்கிருமி. அதனால் குறியீடு நன்றாக வந்துவிட்டது என்பதற்காகப் பிள்ளைகளை ஆற்றில் இறக்கிவிடக் கூடாது. இதைப் பல ஆசிரியர்களுக்கே யாரும் சொல்லியிருப்பதில்லை.

நிறத்தை வைத்தே பாதிக் கதையை அறியலாம். தண்ணீர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அங்கே ஆக்ஸிஜன் தீர்ந்துவிட்டது என்று பொருள். கழிப்பறைக் கழிவோ சமையலறைக் கழிவோ அளவுக்கு மேல் சேர்ந்து, அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் இருந்த ஆக்ஸிஜனையெல்லாம் குடித்துவிட்டன. அதன்பின் ஆக்ஸிஜன் இல்லாமல் வாழும் கிருமிகள் ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்குகின்றன. அது அடிமண்ணில் உள்ள இரும்போடு சேர்ந்து கறுப்பாகிறது. நம் நாட்டு வெப்பமும் இதற்குத் துணை போகிறது. 30 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 7.5 மில்லிகிராம் ஆக்ஸிஜனைத்தான் தாங்கும், குளிர்நாட்டு ஆறுகளுக்கு இருக்கும் சேமிப்பு நமக்குக் கிடையாது. தண்ணீர் தே தாரிக் நிறத்தில் ஓடினால் அது வேறு கதை, மேலே எங்கோ நிலத்தை வெட்டியிருக்கிறார்கள். சாம்பல் கலந்த பால் நிறமும் மேலே எண்ணெய்ப் படலமும் இருந்தால் கடைகளின் பின்பக்கத்தைப் பாருங்கள். நீங்கள் எழுதியிருப்பது கறுப்பு. ஆகவே மண்ணை இப்போதைக்கு விட்டுவிட்டு, கழிவுநீரைத் தேடுவோம்.

கழிவுநீர் என்றதும் எல்லோரும் தொழிற்சாலை என்கிறார்கள். கோலாலம்பூரின் நகர்ப்புற ஆறுகளில் பெரும்பங்கு நம் வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும்தான் வருகிறது. செப்டிக் டேங்க் உள்ள பழைய வீடுகளில் கழிப்பறைத் தண்ணீர் மட்டுமே தொட்டிக்குப் போகும். சமையலறைத் தண்ணீர், குளித்த தண்ணீர், துணி துவைத்த தண்ணீர் எல்லாம் நேராக லோங்காங்கில் விழும். லோங்காங் பெரிய கால்வாயில் சேரும், பெரிய கால்வாய் ஆற்றில் சேரும், இடையில் சுத்திகரிப்பு எதுவும் கிடையாது. செப்டிக் டேங்கை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உறிஞ்சி எடுக்க வேண்டும் என்று கழிவுநீர் நிறுவனமான இண்டா வாட்டர் சொல்லிக்கொண்டே இருக்கிறது. வீடு வாங்கிய நாளிலிருந்து மூடியைத் திறக்காதவர்கள் நிறைய பேர். தொட்டி நிறைந்துவிட்டால் அதற்குப் பிறகு அது வெறும் வழிப்பாதைதான், உள்ளே போனது அப்படியே வெளியே வரும்.

சரி, இதை எப்படிக் கல்வியாக்குவது? என்னிடம் கேட்டால், அடுத்த கோத்தோங் ரோயோங்குக்கு முன்னால் ஒரு லோங்காங் நடை போங்கள் என்பேன். பெரியவர்கள் நான்கைந்து பேர் போதும். மழை பெய்யாத இரண்டு நாள் கழித்து, ஆற்றில் விழும் கால்வாயின் வாயிலிருந்து மேல்நோக்கி நடக்கத் தொடங்குங்கள். மழை இல்லாத நாளில் மழைநீர்க் கால்வாய் காய்ந்திருக்க வேண்டும். அப்படியும் தண்ணீர் ஓடுகிறது என்றால் யாரோ விடுகிறார்கள். ஒவ்வொரு கிளையிலும் நின்று, எந்தக் கிளையில் ஈரம், எதில் நுரை, எதில் எண்ணெய் என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். மத்தியானம் மூன்று மணிக்கு ஒருமுறை, இரவு கடைகள் கழுவும் நேரத்தில் ஒருமுறை என்று இரண்டு தடவை போனால் வித்தியாசம் கண்ணெதிரே தெரியும். பகலில் காலைத் தூக்கிவைத்துத் தாண்டிவிடும் அளவுக்கு நூலாக ஓடும் கால்வாய், இரவு பதினொரு மணிக்கு வெண்ணிற நுரையோடு நிரம்பி வருவதைப் பார்ப்பீர்கள். அந்த ஒரு வரைபடம், நான் இதுவரை பார்த்த எந்தப் பதாகையைவிடவும் அதிகம் பேசும். இலாகா அதிகாரி முன்னால் வைத்தால் அவர் உட்கார்ந்து பார்ப்பார், கடை முதலாளி முன்னால் வைத்தால் அவர் தன் கடையைத் தேடுவார்.

கடைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் நடத்தும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள், மாமாக் கடைகள், ஒட்டுக்கடைகள் எல்லாம் இதில் அடங்கும். உணவகத்தின் பின்பக்கம் கழுவுதொட்டிக்குக் கீழே கிரீஸ் டிராப் வைக்க வேண்டும் என்பது ஊராட்சி மன்றத்தின் உரிம விதி. உள்ளே தடுப்புகள் வைத்த ஒரு பெட்டிதான் அது. தண்ணீர் அதில் மெதுவாகப் போகும்போது சோறும் காய்த்தோலும் அடியில் தங்கும், எண்ணெய் மேலே மிதக்கும், நடுவில் உள்ள தண்ணீர் மட்டும் வெளியேறும். தினமும் வழித்து எடுத்தால் நன்றாக வேலை செய்யும். எடுக்காவிட்டால் சில நாளில் நிறைந்து, எண்ணெய் அப்படியே வெளியே போகும். சில இடங்களில் அடைப்பு எடுக்கக் கொதிநீரையும் சோப்பையும் ஊற்றுகிறார்கள். எண்ணெய் உருகி அங்கிருந்து போய்விடும், முப்பது மீட்டர் தள்ளி லோங்காங்கில் ஆறி மறுபடியும் உறையும். அங்கே சாம்பல் நிறத்தில் மெழுகுக் கட்டிபோல் சுவரில் ஒட்டியிருப்பதைக் குச்சியால் குத்திப் பார்த்தால் உடையும், உள்ளே மஞ்சளாக இருக்கும். எலியும் கரப்பானும் அதைத் தின்றுதான் வளர்கின்றன.

இப்போது அந்தப் பெட்டியை வழிப்பவர் யார் என்று பாருங்கள். முதலாளி இல்லை. தமிழ்நாட்டிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ நேப்பாளத்திலிருந்தோ வந்து, நள்ளிரவில் கடைசி ஆளாகக் கடையைக் கழுவிவிட்டுத் தூங்கப் போகும் தொழிலாளி. மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்து முன்வாசலில் ஒட்டிய எந்த அறிவிப்பும் அவரைச் சேர்வதில்லை. பெட்டி எதற்கு என்று அவருக்கு யாரும் சொன்னதே கிடையாது. தமிழ் பேசும் தன்னார்வலர்கள் இங்கே பெரிய உதவி செய்ய முடியும். "தம்பி, இதைத் தினமும் ராத்திரி வழிச்சு ஒரு டின்னில் போட்டுட்டா நாளைக்கு அடைப்பு எடுக்கிற வேலை உனக்கு மிச்சம்" என்று பக்கத்தில் நின்று ஒருமுறை செய்து காட்டினால், பெரும்பாலும் அடுத்த வாரம் போகும்போது டின் வைத்திருப்பார். முதலாளியிடம் பேச வேண்டியது வேறு விஷயம். அதற்கு நேரம் ஒதுக்கிக் கொடுப்பது, டின் வாங்கிக் கொடுப்பது, பொரித்த எண்ணெயைத் தனியாகச் சேர்ப்பது. பழைய எண்ணெயைக் காசு கொடுத்து வாங்கிப் போக ஆள் இருக்கிறார்கள், அதனால் அந்தப் பேச்சு கடினமாக இருக்காது.

யாரோடு சேர்வது என்ற பாதிக்கு வருகிறேன். நம் நாட்டில் ஓர் ஆற்றுக்குப் பல சொந்தக்காரர்கள். அரசியலமைப்புப்படி நிலமும் காடும் ஆறும் மாநிலத்தின் பொறுப்பு, கோலாலம்பூர் மட்டும் கூட்டரசுப் பிரதேசம். உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்துமலையை ஒட்டி ஓடும் சுங்கை பத்து, அதாவது பத்து ஆறு, மேலே பத்து அணையிலிருந்து வருகிறது. பத்துமலைப் பகுதி சிலாங்கூர், அங்கே செலாயாங் நகராண்மைக் கழகம். கொஞ்சம் கீழே போனால் கோலாலம்பூர் மாநகர் மன்றம். பிறகு கோம்பாக் ஆற்றில் கலந்து, மஸ்ஜித் ஜாமெக் அருகே கிள்ளான் ஆற்றோடு சேர்கிறது. தாமானுக்குள் ஓடும் லோங்காங் ஊராட்சி மன்றத்துடையது. ஆறும் அதன் கரையும் வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் கையில். மேன்ஹோல் பொங்கினால் இண்டா வாட்டர். தொழிற்சாலைக் குழாயிலிருந்து நிறமோ ரசாயன வாடையோ வந்தால் சுற்றுச்சூழல் இலாகா. சிலாங்கூரில் நீர்வளத்துக்கென்று லுவாஸ் என்ற தனி வாரியமும் உண்டு. தவறான கதவைத் தட்டினால் "இது எங்கள் வேலை இல்லை" என்ற பதில் வரும். அது பெரும்பாலும் உண்மையான பதில்தான், சோம்பேறித்தனம் என்று கோபப்படாதீர்கள். லோங்காங் நடையில் வரைந்த தாளில் ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் எந்த இலாகா என்று எழுதிவையுங்கள், கூட்டாளிகள் யார் என்பது அந்தத் தாளிலேயே வந்துவிடும்.

கூட்டாளித்துவம் என்றால் தொடக்க விழாவுக்கு அதிகாரியை அழைத்து மாலை போடுவது என்று பல சங்கங்கள் நினைக்கின்றன. எனக்குத் தெரிந்து நீடித்தவை வேறு விதமாக நடந்தவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதே மேசையில், ஊராட்சி மன்றம், நீர்ப்பாசன இலாகா, இண்டா வாட்டர், பள்ளி, குடியிருப்பாளர் சங்கம் எல்லோரும் உட்கார்ந்து, போன முறை பேசிய புள்ளிகளில் எது முடிந்தது, எது முடியவில்லை என்று மட்டும் பேசிய கூட்டங்கள் அவை. அதிகாரிகள் மாற்றலாகிப் போவார்கள். தலைமையாசிரியரும் மாறுவார். ஒருவரோடு நட்பு வைத்து ஓட்டினால் அவர் போகும் நாளில் எல்லாம் நின்றுவிடும். ஆகவே எதையும் கடிதமாக எழுதுங்கள், நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், புதிதாக வருபவரிடம் முதல் வாரமே அந்தக் கோப்பைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கோலாலம்பூரில் இதற்கு ஒரு பெரிய முன்னுதாரணம் உண்டு. 4.4 பில்லியன் வெள்ளி செலவில், கிள்ளான் ஆற்றிலும் கிளைகளிலுமாக 110 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிடப்பட்ட ரிவர் ஆஃப் லைஃப். அதன் குறிக்கோள், ஆற்றுநீரை உடம்பில் படும் பொழுதுபோக்குக்கு ஏற்ற இரண்டாம் வகுப்பு 'பி' நிலைக்குக் கொண்டுவருவது. சந்தைகளுக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, குப்பைப் பொறிகள், கழிவுநீர் நிலையங்களை மேம்படுத்துவது என்று கட்டட வேலைகளோடு, பொதுமக்களை ஈடுபடுத்தும் பகுதி ஒன்றையும் நீர்ப்பாசன இலாகா அதில் சேர்த்தது. பெட்டாலிங் ஜெயாவில் உள்ள குளோபல் என்வைரன்மென்ட் சென்டர் போன்ற அரசுசாரா அமைப்பு அதில் வேலை செய்தது. மஸ்ஜித் ஜாமெக் பக்கம் கரை அழகாகிவிட்டது, மாலையில் போனால் நீல விளக்கும் செயற்கை மூடுபனியும் பார்க்கலாம். ஆனால் அங்கே நிற்கும்போது தண்ணீரின் நிறத்தையும் பாருங்கள். கரையைக் கட்டுவது பணத்தால் சில ஆண்டுகளில் முடிகிற வேலை. ஆயிரக்கணக்கான சமையலறைகள் மாறுவது அப்படி முடிவதில்லை.

நிறுவனங்களின் பணத்தை வாங்கலாமா என்றும் உங்கள் குழுவில் பேச்சு வரும். வாங்கலாம், எழுத்தில் ஒப்பந்தத்தோடு. பெட்டாலிங் ஜெயாவின் சுங்கை வே ஆற்றில் 2007 முதல் ஒரு மதுபான நிறுவனத்தின் அறக்கட்டளைப் பணத்தில் வேலை நடந்தது. ஐந்தாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்புக்கு ஆறு உயர்ந்தது என்று அந்தத் திட்டத்தின் அறிக்கைகள் சொல்கின்றன. ஐந்தாம் வகுப்பு என்றால் எதற்குமே உதவாத நீர், மூன்றாவது என்றால் கடுமையாகச் சுத்திகரித்தால் குடிநீராக்கலாம். நல்ல முன்னேற்றம்தான். அங்கே பல ஆண்டுகள் பணம் வந்தது, ஒரே சிறிய ஆற்றில் வந்தது, தொடர்ந்து அளந்தார்கள். ஒரு நாள் டீ-ஷர்ட் கொடுத்துப் படம் எடுத்துப் போகும் ஆதரவில் இந்த மூன்றும் இருக்காது. பினாங்கில் 1997-இல் அறிவியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் சான் ஙாய் வெங் முன்னின்று தொடங்கிய வாட்டர் வாட்ச் பினாங்கும் இதே பாடத்தைத்தான் தருகிறது. பல்கலைக்கழகம் ஒன்று பின்னால் இருந்ததால் அளவும் ஆளும் தொடர்ந்து கிடைத்தன.

இனிச் சந்தேகத்துக்குரியவை. பள்ளிக் கல்வியால் மட்டும் ஓர் ஆற்றின் நீர்த்தரம் உயர்ந்தது என்று காட்டும் வலுவான அளவீடு மிக அரிது. பிள்ளைகளின் அறிவு கூடுகிறது என்பதைக் காட்டும் ஆய்வுகள் ஏராளம். ஆனால் அறிவு கூடினால் நடத்தை தானாக மாறும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்துப் போவதை இத்துறையில் இருக்கும் எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சொல்லி அம்மா அப்பா மாறுவார்களா என்றால், சில வீடுகளில் மாறுகிறார்கள். எவ்வளவு காலம் நிற்கும் என்பது தெளிவில்லை. பிள்ளை ஒரு படிவத்தோடு போய், வீட்டில் செப்டிக் டேங்க் இருக்கிறதா, கடைசியாக எப்போது உறிஞ்சினார்கள், பொரித்த எண்ணெயை எங்கே ஊற்றுகிறோம் என்று கேட்டு எழுதி வந்தால், வெறும் அறிவுரையைவிட நன்றாக வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். கேள்வி கேட்கும்போது பெரியவர்களே யோசிக்கிறார்கள்.

பள்ளிகளில் மிகவும் விரும்பிச் செய்யும் மண் உருண்டையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். களிமண், தவிடு, கரும்புப்பாகு, நல்ல நுண்ணுயிர்க் கரைசல் எல்லாம் பிசைந்து உருட்டிக் காயவைத்து ஆற்றில் எறிவது. பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி, படமும் நன்றாக வரும். ஓடும் ஆற்றில் அது நீரைச் சுத்தமாக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று மெலிவாகவே இருக்கிறது. மேலே கழிவு விழுந்துகொண்டே இருக்கும்போது, கீழே எறியும் உருண்டை எதைத் திருத்தும்? தவிடும் பாகும் மட்குவதற்கே ஆக்ஸிஜன் வேண்டும். அந்த நாளை வேறு எதற்காவது பயன்படுத்துங்கள் என்பது என் உறுதியான கருத்து.

வேறு எதற்கு என்றால், கல்லைப் புரட்டிப் பார்ப்பதற்கு. பிள்ளைகளை ஒரு பேருந்தில் ஏற்றி உலு கோம்பாக் பக்கம் தெளிந்த ஓடைக்குக் கூட்டிப் போங்கள். ஆசிரியர் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று, உள்ளங்கை அளவுக் கல் ஒன்றை எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பினால் போதும். தட்டையான, வாலில் மூன்று மயிர் வைத்த மேஃப்ளை எனும் பூச்சியின் குஞ்சுகள் ஓடும். மணல் துகளைப் பசைபோல் ஒட்டி விரல்நுனி அளவுக்கு வீடு கட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் புழு தலையை நீட்டும். அடுத்த வாரம் உங்கள் தாமான் ஆற்றுக் கரையில், நீண்ட பிடி வைத்த வலையால் அள்ளிய சேற்றை வெள்ளைத் தட்டில் கொட்டினால் சிவப்பு நூல்போல் நெளியும் புழுக்களும், அட்டைகளும், லோங்காங் மீன்களும்தான் இருக்கும். அந்தப் புழுவின் சிவப்பு நம் இரத்தத்தில் உள்ள அதே ஹீமோகுளோபின் வகை, ஆக்ஸிஜன் இல்லாத சேற்றில் கிடைக்கும் கொஞ்சத்தைப் பிடித்துவைக்க அது தேவைப்படுகிறது. இரண்டு தட்டையும் பார்த்த பிள்ளைக்கு ஆக்ஸிஜன் என்றால் என்ன என்று மறுபடி பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆற்றைப் பல ஆண்டுகள் கவனிக்கவும் இது நல்ல முறை. ரசாயனச் சோதனை அந்த நிமிடத்தை மட்டும் சொல்லும், பூச்சிகள் கடந்த பல வாரங்களைச் சொல்லும்.

இதில் பாதுகாப்பு விஷயம் விளையாட்டில்லை. மேலே மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே கெப்பாலா ஆயர் எனும் திடீர் வெள்ளம் இறங்கும். தண்ணீர் கலங்கினால், இலை குச்சி அதிகமாக மிதந்தால், உடனே எல்லோரும் கரையேற வேண்டும். வானம் இருட்டினால் அன்று போகவே வேண்டாம். நகர்ப்புற ஆற்றில் எலிச் சிறுநீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் காய்ச்சல் உண்டு. ஆகவே பிள்ளைகள் தண்ணீரில் இறங்கக் கூடாது, அள்ளும் பெரியவர்கள் பூட்ஸும் கையுறையும் போட வேண்டும், காலில் புண் உள்ளவர் அன்று கரையிலேயே நிற்க வேண்டும்.

உங்கள் அளவீடுகளுக்கு ஓர் எல்லை உண்டு. சோதனைப் பெட்டியில் வரும் எண்ணை வைத்து ஒரு கடையின் மேலோ தொழிற்சாலையின் மேலோ குற்றம் சாட்டாதீர்கள். வழக்குக்கு இலாகாவே மாதிரி எடுத்து இரசாயன இலாகாவின் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். உங்கள் வேலை அவர்களைச் சரியான நேரத்தில் சரியான இடத்துக்கு வரவைப்பது. தேதி, மணி, இடம், நிறம், வாடை, படம் இவை இருந்தால் போதும். காலையில் ஒரு எண், மழைக்குப் பின் ஒரு எண் என்று மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே எப்போதும் ஒரே இடம், ஒரே மணி, மழை பெய்ததா இல்லையா என்ற குறிப்போடு எடுங்கள். தனியார் வளாகத்துக்குள் நுழையாதீர்கள். சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974-இன் கீழ், 2024 திருத்தத்துக்குப் பிறகு சில குற்றங்களுக்கு அபராதம் 1 கோடி வெள்ளி வரை போகலாம். அவ்வளவு பெரிய தண்டனை உள்ள இடத்தில் நம் சொல்லும் கவனமாக இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயத்தைக் கண்டிப்பாகப் பாடத்தில் சேருங்கள். உங்கள் வீட்டுக் குழாயில் வரும் நீரில் பெரும்பகுதி, வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஆற்றின் நீர் கிடையாது. கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் ஏறக்குறைய 60 விழுக்காடு சிலாங்கூர் ஆற்றிலிருந்து வருகிறது. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங் என்ற சிறிய ஆற்றில் யாரோ ஊற்றிய கழிவின் வாடை சிலாங்கூர் ஆற்றைச் சேர்ந்ததும், நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூட வேண்டியதாயிற்று. 1,292 பகுதிகளில் ஏறக்குறைய 12 இலட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. வாளியோடு லாரிக்கு வரிசையில் நின்ற அந்த நாட்கள் உங்கள் மேல்வகுப்புப் பிள்ளைகளின் அண்ணன் அக்காமார்களுக்கு நன்றாக நினைவிருக்கும். பினாங்கில் நிலைமை இன்னும் கூர்மையானது. அங்கே கச்சா நீரில் ஏறக்குறைய 80 விழுக்காடு மூடா ஆற்றிலிருந்து வருகிறது, அதன் தலைப்பகுதியான உலு மூடா காடு கெடா மாநிலத்தில் இருக்கிறது. குடிப்பவர் ஒரு மாநிலம், மரம் நிற்பது இன்னொரு மாநிலம். நமக்குத் தண்ணீர் தரும் நீர்ப்பிடிப்பு ஒன்று, நாம் அழுக்காக்கும் நீர்ப்பிடிப்பு ஒன்று. இரண்டையும் ஒரே வரைபடத்தில் பிள்ளைகள் வரைந்தால்தான் மேலே உள்ளவர்களிடம் நாம் எதிர்பார்ப்பதும், கீழே உள்ளவர்கள் நம்மிடம் எதிர்பார்ப்பதும் ஒன்றே என்று புரியும்.

பத்துமலையில் இருந்துகொண்டு தைப்பூசத்தைப் பேசாமல் விட முடியாது. காவடி எடுப்பவர்கள் காலங்காலமாக நீராடி வந்தது சுங்கை பத்துக் கரையில்தான். தமிழர்களுக்கு இந்த ஆற்றோடு இவ்வளவு நெருக்கமான உறவு இருக்கும்போது, கோயில் நிர்வாகத்தையும் தண்ணீர்ப் பந்தல் போடும் இளைஞர் குழுக்களையும் கூட்டாளியாக்காமல் பள்ளியை மட்டும் நம்பியிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பந்தல்காரர்கள் ஏற்கெனவே ஒழுங்காகப் பிரிந்து, அனுமதி வாங்கி, இரவு பகல் உழைக்கும் ஆட்கள். குழம்பு மிச்சத்துக்கு ஒரு பீப்பாய், எண்ணெய்க்கு ஒரு டின், பாத்திரம் கழுவும் இடத்துக்கு ஒரு வடிகட்டி, இந்த மூன்றையும் பந்தல் அனுமதிக்கான கூட்டத்திலேயே பேசிவிட்டால் லோங்காங்கில் கொட்டுவது பெருமளவு குறையும். பீப்பாயை யார் எடுத்துப் போவது என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் நாள் அது லோங்காங் ஓரத்திலேயே கவிழும். பூஜைப் பொருள்களையும் துணியையும் ஆற்றில் விடுவதைப் பற்றி வெளியாள் வந்து பேசினால் மனம் புண்படும். குருக்களும் கோயில் பெரியவர்களும் சொன்னால் கேட்பார்கள். அவர்களை அழைத்து லோங்காங் நடை வரைபடத்தைக் காட்டிவிட்டு, என்ன செய்யலாம் என்று அவர்களிடமே கேளுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்றால்: முழு ஆற்றையும் எடுக்காதீர்கள். தாமானிலிருந்து ஆற்றில் விழும் கால்வாய்களில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள், அதில் எத்தனை கடை, எத்தனை வீடு என்று எண்ணக்கூடியதாக இருக்கட்டும். முதல் மாதம் நடையும் வரைபடமும். இரண்டாம் மாதம் கடைப் பின்பக்கங்கள். மூன்றாம் மாதம் வரைபடத்தோடு ஊராட்சி மன்றத்திலும் நீர்ப்பாசன இலாகாவிலும் கூட்டம் கேளுங்கள். கால்வாய் வாயில் வாரம் ஒருமுறை ஒரே மணிக்கு ஒரு படமும், கலங்கல் அளவும், வாடைக் குறிப்பும் எடுத்துவையுங்கள். அந்த வாயில் ஆறு மாதத்தில் மாற்றம் தெரிய வாய்ப்பு அதிகம். ஆறு முழுவதும் மாறுவதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகும், பக்கத்துத் தாமான்களும் சேர வேண்டும். நடைக்குப் போய் வரைந்ததும் அந்தத் தாளைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். கடைகளின் பெயரை மறைத்துவிடுங்கள். எந்தக் கிளையை முதலில் பார்ப்பது என்று சேர்ந்து யோசிப்போம்.